பேரரசு பின்வாங்கியபோது செட்டிநாட்டுக்கு நேர்ந்தது என்ன: 1930-ஆ, 1942-ஆ, 1948-ஆ?

கேள்வி: தேவகோட்டை மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் முதுகலை வரலாறு படிக்கிறேன். தேவகோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றுதான் சொந்த ஊர். பிரிட்டிஷ் பேரரசின் வீழ்ச்சியை எங்கள் பாடநூல் 1947 ஆகஸ்டில் தொடங்கி, 1956-இன் சூயஸ் நெருக்கடியைத் தொட்டுக்கொண்டு, 1960-களில் ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்றதோடு முடித்துவிடுகிறது. ஆனால் எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் வெள்ளைக்காரன் ஆட்சி எப்போது முடிந்தது என்று பேச்செடுத்தால், 1947 என்று ஒருவரும் சொல்வதில்லை. ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டதோடு எல்லாம் போயிற்று என்கிறார் ஒருவர். பர்மா சுதந்திரம் அடைந்து நிலத்தை எடுத்துக்கொண்டதைச் சொல்கிறார் இன்னொருவர். தொண்ணூறைத் தாண்டிய உறவினர் ஒருவரோ, நெல் விலை விழுந்த வருடமே கதை முடிந்துவிட்டது, மற்றதெல்லாம் சாவு வீட்டுச் செலவு என்று சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

எங்கள் பாட்டையா பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது வட்டித் தொழில் செய்யப் போனவர். வீட்டின் இரண்டாம் கட்டில் இருக்கும் இரும்புப் பெட்டியில் அரசர் தலை அச்சிட்ட முத்திரைத் தாளில் எழுதிய பத்திரங்கள் ஒரு கட்டு இருக்கின்றன. வட்ட வட்டமான பர்மிய எழுத்தை வாசிக்க இப்போது எங்கள் வீட்டில் ஆள் இல்லை. அவற்றோடு நிலவரி கட்டிய ரசீதுகளும் தைத்து வைக்கப்பட்டுள்ளன. கடைசி ரசீது 1941-ஆம் ஆண்டுக்கு உரியது.

இரண்டு செய்திகளை அறிய விரும்புகிறேன். ஒன்று, மேலே சொன்ன ஆண்டுகளில் எதை உண்மையான திருப்பமாகக் கொள்வது? இரண்டு, என் ஆய்வேட்டில் நகரத்தாரை, அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களைப் பேரரசின் கூட்டாளிகள் என்று எழுதுவதா, அதனால் கைவிடப்பட்டவர்கள் என்று எழுதுவதா?

மறுமொழி 1: ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், காரைக்குடி

நல்ல கேள்வி, மகளே. உங்கள் உறவினர் சொன்னதே சரி என்பது என் கருத்து. அது ஏன் என்பதற்கு, பணம் எந்த வழியில் போய் எந்த இடத்தில் அடைபட்டது என்று பார்க்க வேண்டும்.

கீழ்ப்பர்மாவை ஆங்கிலேயர் 1852-இல் பிடித்தார்கள். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு ஐரோப்பாவுக்கு அரிசி போவது எளிதாயிற்று. ஐராவதிக் கழிமுகத்தில் 1850-களில் ஏறத்தாழ 10 லட்சம் ஏக்கராக இருந்த நெல் வயல், 1930-களில் 80 லட்சம் ஏக்கரைத் தாண்டி, உலகிலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்யும் நாடாகப் பர்மா ஆகியிருந்தது. காட்டை வெட்டி, நீரை வடித்து, முதல் அறுவடை வரும் வரை சாப்பிட்டுப் பிழைக்க அந்த உழவருக்குப் பணம் வேண்டும். ஆங்கில வங்கிகள் சேற்றில் நிற்கும் உழவருக்கு நேரடியாகக் கடன் கொடுக்க முன்வரவில்லை. ரங்கூன் முகல் தெருவில் கிட்டங்கி (தொழில் நடத்தும் கூடம்) வைத்திருந்த செட்டியாருக்கு அவை கொடுத்தன. செட்டியார் தம் சொந்தப் பணத்தையும், பங்காளிகளும் பெண்வீட்டாரும் கோயில்களும் வைப்பாகத் தந்த பணத்தையும் அதோடு சேர்த்து உழவருக்குக் கொடுத்தார். இந்த ஏற்பாட்டுக்கு அடித்தளம் 1876-ஆம் ஆண்டின் நில வருவாய்ச் சட்டம். தொடர்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் வரி கட்டி உழுதவருக்கு அந்த நிலத்தில் விற்கவும் அடமானம் வைக்கவும் கூடிய உரிமையை அது வழங்கியது. அடமானம் வைக்கலாம் என்று சட்டம் சொல்லாமல் இருந்திருந்தால், நம் ஆட்கள் கழிமுகத்தின் ஊர் ஊராகக் கடை திறந்திருக்க மாட்டார்கள்.

1929-30-இல் பர்மாவின் வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவற்றில் புழங்கிய முதல் 75 கோடி ரூபாய் அளவுக்கு மதிப்பிடப்பட்டது. கிட்டங்கி என்பது ஒரு நீண்ட கூடம். ஒவ்வொரு விலாசத்துக்கும் (தொழில் நிறுவனத்துக்கும்) ஒரு பெட்டி, ஒரு சாய்மேசை, ஒரு பாய். மூன்று ஆண்டுக் கணக்குக்குப் போகும் ஏஜெண்டு, அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன் என்று அங்கேயே உண்டு, அங்கேயே உறங்கி, அங்கேயே தொழில் நடத்தினார்கள். கணக்கு முடித்து ஊருக்கு வந்தவர் ஓய்வெடுத்துவிட்டு மறு கணக்குக்குப் போவார். நிலத்தில் குடியேறி உழவு செய்யும் எண்ணம் அவர்களில் ஒருவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

1930-இல் உலக மந்தம் வந்து நெல் விலை சில மாதங்களுக்குள் பாதிக்கும் கீழே சரிந்தது. உழவரால் வட்டியைக்கூடக் கட்ட முடியவில்லை. வட்டிக்கு ஈடாக நிலம் வந்தது. கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்கள் பெயரில் இருந்தது. 1937-இல் அது 25 பங்கு, அதாவது ஏறத்தாழ 25 லட்சம் ஏக்கர். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இது கொள்ளை லாபமாகத் தெரிந்தது. உள்ளே நடந்ததோ வேறு. ஊரில் வைப்புப் போட்டவர் தவணை வந்ததும் பணத்தைக் கேட்பார், வங்கியும் கேட்கும், கையில் இருப்பதோ வாங்க ஆளில்லாத வயல். வட்டித் தொழில் செய்பவருக்கு இதைவிடக் கெட்ட காலம் இல்லை. கணக்கு முடித்து ஊர் திரும்பிய ஏஜெண்டுகள் பணத்துக்குப் பதிலாகப் பத்திரக் கட்டோடு வந்து இறங்கிய காலம் அது. உங்கள் இரும்புப் பெட்டியில் இருப்பதும் அநேகமாக அந்தக் காலத்துக் கட்டாகவே இருக்கும்.

இனி அரசியலுக்கு வருகிறேன். 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டு, தேர்தலில் வென்ற அமைச்சரவையின் கையில் உள்நாட்டு நிர்வாகத்தின் பெரும்பகுதி ஒப்படைக்கப்பட்டது. 1939 முதல் 1941 வரை குத்தகைதாரர் பாதுகாப்பு, உழாதவருக்கு நிலம் கைமாறுவதற்குத் தடை, அரசே நிலத்தை வாங்கிப் பிரித்துக் கொடுத்தல் என்று அடுத்தடுத்துச் சட்டங்கள் வந்தன. பேரரசு பின்வாங்கத் தொடங்கியதை நான் இங்கேதான் காண்கிறேன். ராணுவம், வெளியுறவு, எண்ணெய்க் கிணறு, தேக்குக் காடு ஆகியவற்றில் தன் பிடியை வைத்துக்கொண்டு, விட்டுக்கொடுக்கக் கூடியதை லண்டன் விட்டுக்கொடுத்தது. செட்டியாரின் அடமானம் அந்த இரண்டாவது பட்டியலில் இருந்தது.

இதை முன்கூட்டியே மோப்பம் பிடித்தவர்கள் நம் ஊரிலேயே இருந்தார்கள். எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கிய நாள் 1937 பிப்ரவரி 10; காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நாளில் கிளை திறந்தார்கள். பர்மா பிரிவதற்கு ஏழு வாரம் முன்பு! பள்ளத்தூர் முருகப்பா குடும்பமும் மௌல்மீனில் தொழில் தொடங்கி, ஜப்பானியர் வருவதற்கு முன்பே முதலைச் சென்னைப் பக்கம் திருப்பியவர்கள். 1949-இல் சைக்கிள் தயாரிப்புக்கு அவர்கள் நிறுவனம் தொடங்கியதை நாடறியும். அப்படித் திருப்ப இயலாதவர்களின் வளவுகள் என்னும் பெரிய வீடுகள்தாம் இன்று நிலைக்கதவும் தூணும் இழந்து நிற்கின்றன.

மறுமொழி 2: பர்மா காலனிக்காரர்

பெரியவர் சொன்ன பணக் கணக்கில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பத்திரக் கட்டு இல்லாதவர்கள் பர்மாவில் அதைவிடப் பன்மடங்கு இருந்தார்கள் என்பதை மாணவி நினைவில் கொள்ள வேண்டும். எங்கள் முன்னோர் செட்டியார் கடையில் சமையலுக்கும் எடுபிடிக்கும் போனவர்கள். சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து துறைமுகத்துக்கும் அரிசி ஆலைக்கும் வயல் வேலைக்கும் போனவர்களின் எண்ணிக்கை பெரிது. நெல் விலை விழுந்த ஆண்டு அவர்களுக்குக் கூலி குறைந்த ஆண்டு, அவ்வளவுதான். அவர்களுக்குப் பேரரசு முடிந்தது 1941 டிசம்பர் 23 அன்று.

அன்றுதான் ரங்கூன் மீது முதல் குண்டுவீச்சு நடந்தது. 1942 மார்ச் 8-இல் ஜப்பானியர் நகருக்குள் நுழைவதற்குள் கப்பலில் இடம் பிடிக்க முடிந்தவர்கள் போய்விட்டார்கள். மேல்தளச் சீட்டுக்கு மட்டுமே வசதியுள்ள கூலியாட்கள் கப்பல் ஏறுவதற்கு அரசே கட்டுப்பாடு விதித்தது, அவர்கள் போய்விட்டால் துறைமுகம் நின்றுவிடும் என்று. மற்றவர்கள் நடந்தார்கள். அரக்கான் மலையைத் தாண்டிச் சிட்டகாங் பக்கமும், தமு வழியாக மணிப்பூருக்கும், கடைசியில் போனவர்கள் ஹுகாங் பள்ளத்தாக்கு வழியாக அசாமுக்கும் நடந்தார்கள். ஏறத்தாழ நாலைந்து லட்சம் பேர் இந்தியா வந்து சேர்ந்தார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் மடிந்தவர்கள் பல்லாயிரம். வசதியான பாதையில் வெள்ளையருக்கும் கலப்பினத்தாருக்கும் முன்னுரிமை, இந்தியருக்கு வேறு பாதை என்ற குற்றச்சாட்டு அன்றைக்கே தில்லி சட்டசபை வரை போயிற்று.

என் அப்பத்தா சிறுமியாக நடந்து வந்தவர். வழியில் அரிசி தீர்ந்த பிறகு மூங்கில் குருத்தை வேகவைத்துத் தின்றதை மட்டும் அவர் சொல்வார். வேறு எதையும் கேட்டால் எழுந்து போய்விடுவார். எல்லாரையும் காப்பாற்றும் சர்க்கார் என்று ஒன்று இருப்பதாக அந்தப் பாதையில் வந்தவர்கள் பிறகு நம்பவில்லை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்ததைப் பற்றிப் புத்தகங்கள் அத்தியாயம் அத்தியாயமாக எழுதுகின்றன. இந்த நடை பெரும்பாலும் ஒரு பத்தியில் முடிந்துவிடுகிறது.

இன்னொரு செய்தி. போர் முடிந்து பலர் மீண்டும் போனார்கள், எங்கள் குடும்பமும் போயிற்று. 1962 மார்ச் 2-இல் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்தார். 1963-இல் வங்கிகளும், 1964 மார்ச்சில் கடைகளும் அரசுடைமையாயின. அதே ஆண்டு மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். சுமார் மூன்று லட்சம் இந்தியர்கள் அந்தப் பத்தாண்டில் வெளியேறினார்கள். நகையைக்கூடக் கொண்டுவர விடவில்லை. சென்னையின் பர்மா பஜாரும், தமிழ்நாட்டின் பல ஊர்களில் பர்மா காலனி என்று பெயர் பெற்ற தெருக்களும் அப்போது வந்தவை. கொடி இறங்கிப் பதினாறு ஆண்டு கழித்தும் பேரரசின் கணக்கு எங்களிடமிருந்து வசூலிக்கப்பட்டது.

மறுமொழி 3: கோட்டையூர் ஆசிரியர்

தங்கை, உங்கள் இரண்டாவது கேள்விக்கு மேலே இருவரும் விடை சொல்லாமல் நகர்ந்துவிட்டார்கள். நான் சொல்கிறேன், சிலருக்குக் கசக்கலாம்.

செட்டியார் தரப்பின் நட்டம் எவ்வளவு என்பதை நாம் ஊரெல்லாம் பேசுகிறோம். காட்டை வெட்டி வயலாக்கியவர் பர்மிய உழவர். ஒரு தலைமுறை பாடுபட்ட நிலம், தான் பார்த்தறியாத சிக்காகோவிலும் லண்டனிலும் விலை விழுந்த காரணத்தால் கைவிட்டுப் போகிறது. அதே வயலில் அவர் குத்தகைக்காரராக நிற்கிறார். 1930 டிசம்பரில் தராவடி மாவட்டத்தில் சாயா சான் தலைமையில் எழுந்த கிளர்ச்சி இந்தக் கோபத்திலிருந்தும் தலைவரியின் சுமையிலிருந்தும் பிறந்தது. பச்சை குத்திக்கொண்டு, மந்திரத் தாயத்தை நம்பித் துப்பாக்கிக்கு எதிரே போனவர்களை அரசு அடக்க ஒன்றரை ஆண்டு ஆயிற்று. சாயா சானை 1931 நவம்பரில் தூக்கிலிட்டார்கள். அந்த அரசின் நீதிமன்றம்தான் நம் அடமானப் பத்திரத்தையும் நிறைவேற்றிக் கொடுத்தது. உழவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே வாசலாகத்தான் தெரிந்திருக்கும்.

அதனால் கூட்டாளி என்று எழுதத் தயங்க வேண்டாம். ஆனால் எல்லாக் கூட்டாளிகளும் ஒரே தட்டில் உண்ணவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பர்மா ஆயில் கம்பெனிக்கும் ஸ்டீல் பிரதர்ஸ் அரிசி வணிகத்துக்கும் லண்டனில் பேச ஆள் இருந்தது. போருக்குப் பின் இழப்பீடு கேட்டு பர்மா ஆயில் பிரிட்டிஷ் அரசு மீதே வழக்குப் போட்டு, 1964-இல் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபையில் வென்றது. அடுத்த ஆண்டே அந்தத் தீர்ப்பைச் செல்லாததாக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டி வந்தது. செட்டியாருக்கு அந்த அளவுக்கு வழக்காடும் மேடையே கிடைக்கவில்லை.

லண்டனின் நிலைமையையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். 1945-இல் போர் முடிந்தபோது பிரிட்டனிடம் பணமில்லை. அமெரிக்காவிடம் 375 கோடி டாலர் கடன் வாங்கித்தான் நாளை ஓட்டியது. 1946 பிப்ரவரியில் பம்பாயில் கடற்படையினர் கலகம் செய்த பிறகு இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு ஆசியாவை ஆளும் காலம் போயிற்று என்பது பிரிட்டிஷ் பிரதமர் அட்லிக்குப் புரிந்தது. இந்தியச் சிப்பாய் இல்லாமல் பர்மாவையும் வைத்திருக்க முடியாது. 1947 ஜனவரி 27-இல் பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சானுடன் ஒப்பந்தம், ஜூலை 19-இல் ஆங் சான் கொலை, 1948 ஜனவரி 4-இல் விடுதலை. அதே ஆண்டில் நில தேசியமயச் சட்டம். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்திருந்தாலும் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்திருக்கும்.

மாணவியின் மறு கேள்வி

மூவருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா சொன்னதைத் தயங்காமல் எழுதுகிறேன். ஒரு சந்தேகம்: மலாயாவுக்கும் இலங்கைக்கும் போன குடும்பங்கள் எங்கள் உறவிலேயே உண்டு. பினாங்கில் இன்றும் சிலருக்குச் சொத்து இருக்கிறது. அங்கெல்லாம் ஏன் இப்படி நடக்கவில்லை? பர்மா நிலத்துக்கு இழப்பீடு ஏதாவது வந்ததா?

மறுமொழி 4: பினாங்கிலிருந்து, பூர்வீகம் கண்டனூர்

மலாயாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இங்கே மலாய் மக்களின் நிலம் வேற்றாரிடம் போகாதபடி 1913-லேயே ஒதுக்கீட்டுச் சட்டம் போட்டுவிட்டார்கள். அதனால் நம்மவர் கொடுத்த கடன் பெரும்பாலும் சீனர்களின் ஈயச் சுரங்கத்துக்கும், ரப்பர்த் தோட்டத்துக்கும், நகரத்துக் கட்டடங்களுக்கும் போயிற்று. மந்த காலத்தில் இங்கும் சொத்து கைக்கு வந்தது, ஆனால் உழவரின் நெல் வயலைப் பிடுங்கினார் என்ற பழி பர்மா அளவுக்கு ஏறவில்லை. 1957 ஆகஸ்ட் 31-இல் விடுதலை வந்தபோது புதிய அரசு தனியார் சொத்தை எடுக்கவில்லை.

நட்டமே இல்லை என்று பொருளல்ல. ஜப்பானியர் காலத்தில் அவர்கள் அச்சிட்ட, வாழைமரப் படம் போட்ட நோட்டு புழங்கியது. போருக்கு முன் நல்ல டாலரில் வாங்கிய கடனை, மதிப்பிழந்து வந்த அந்த நோட்டைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து பலர் அடைத்துவிட்டார்கள். வாங்க மறுத்தால் ராணுவப் போலீஸ் பயம். ஆங்கிலேயர் திரும்பியதும் அந்த நோட்டு வெறும் காகிதமாயிற்று. 1948-இல் அந்தக் காலத்துக் கடன்களைத் தீர்க்க ஒரு சட்டம் வந்து, நோட்டின் மதிப்பை மாதவாரியாக இறக்கிக் காட்டும் அட்டவணையை வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். ஓரளவு மிஞ்சியது. பினாங்குத் தண்ணீர்மலையான் கோயில் தைப்பூச வெள்ளி ரதம் இன்றும் நகரத்தார் பொறுப்பில் ஓடுகிறதென்றால், அதற்கு இந்த மிச்சமும் ஒரு காரணம்.

மறுமொழி 5: ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், காரைக்குடி

இழப்பீட்டைப் பற்றிக் கேட்டீர்கள். சட்டத்தில் இழப்பீடு உண்டு என்று எழுதியிருந்தார்கள். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் உள்நாட்டுப் போரினால் பெரும்பாலும் நடைமுறைக்கு வரவில்லை. 1953-இல் வேறு சட்டம் இயற்றி வேலையைத் தொடர்ந்தார்கள். நகரத்தார் சங்கங்கள் தில்லிக்கு மனு மேல் மனுவாக அனுப்பின. நேரு அரசு பர்மாவின் நிலச் சீர்திருத்தத்தை எதிர்க்க விரும்பவில்லை. உள்நாட்டில் ஜமீன்தாரி முறையை ஒழித்துக்கொண்டிருந்த அரசு, அண்டை நாட்டிடம் போய் வெளியூர் நிலச்சுவான்தாருக்காக எந்த முகத்தோடு வாதாடும்? நியாயமான இழப்பீடு தரவேண்டும் என்பதோடு அது நின்றுகொண்டது. நிலத்தின் மதிப்புக்கு நிகராக எதுவும் வந்து சேரவில்லை.

ஆசிரியர் சொன்னதோடு எனக்கு ஓர் இடத்தில் மட்டும் வேறுபாடு உண்டு. கூட்டாளி என்ற சொல்லைக் கிட்டங்கி முதலாளிக்குப் போடலாம். நூறும் இருநூறுமாகக் கைம்பெண் ஆச்சிமார்கள் ஊரிலிருந்து வைப்புப் போட்டிருந்தார்களே, மாதம் பிறந்தால் வரும் வட்டியில் வீடு நடத்திய அவர்களுக்கும் அதே சொல்லைப் போடுவீர்களா? கடை முறிந்தபோது பேரேட்டில் கடைசி வரிசையில் நின்றவர்கள் அவர்கள். ஆய்வேட்டில் அவர்களுக்கு ஒரு பிரிவு ஒதுக்குங்கள். இதுவரை எழுதியவர்கள் அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை.

உங்கள் பெட்டியில் இருக்கும் பத்திரங்களால் இன்று எந்த நீதிமன்றத்திலும் பயனில்லை, ஆனால் ஆய்வுக்கு அவை விலைமதிப்பற்றவை. பத்திரத்தை விட முதலில் பேரேடு இருக்கிறதா என்று தேடுங்கள். பழைய தமிழ் எண்களில் எழுதியிருப்பார்கள், பழகினால் ஒரு வாரத்தில் வாசிக்க வரும். 1929-இலிருந்து 1936 வரையிலான ஏடுகளில், கடன்காரர் பெயரில் ஓடிக்கொண்டிருந்த பற்று எந்த மாதத்தில் நிலக் கணக்குக்கு மாற்றி எழுதப்படுகிறது என்று பாருங்கள். அதற்குப் பிறகு வரவுப் பக்கத்தில் குத்தகை நெல் எவ்வளவு வந்தது, பற்றுப் பக்கத்தில் நிலவரி எவ்வளவு போயிற்று என்று ஒப்பிடுங்கள். குத்தகை வராத ஆண்டுகளிலும் சர்க்காருக்கு வரி போயிருந்தால், 1941-ஆம் ஆண்டு ரசீது வரை ஏன் பத்திரமாகத் தைத்து வைத்தார்கள் என்பதும் தெரியும்: வரி பாக்கி விழுந்தால் அரசே நிலத்தை ஏலம் போடலாம். ஏடுகளைத் திறக்கும் முன் கரையான் அரித்திருக்கிறதா என்று பார்த்து, நிழலில் காய வைத்து, பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பர்மிய எழுத்துக்கு, பர்மா காலனியில் எண்பதைத் தாண்டியவர்கள் சிலர் இன்றும் சரளமாக வாசிப்பார்கள். மேலே எழுதிய தம்பியைக் கேட்டால் அழைத்துப் போவார்.